ஆறு மாதத்துக்கு மட்டும்

எனக்குச் சரித்திரம் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ராஜாக்களின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லி அடித்தார்கள். அதோடு விட்டேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இயந்திரம்தான். எது ஓடும், எது ஓடாது, எது ஓடாமலே சத்தம் மட்டும் போடும் என்று காதை வைத்துச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் ரோமாபுரியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம், படூரில் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் நின்றுபோனது.

இரண்டு பிளாக், நாற்பத்தெட்டு வீடுகள். கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு பி பிளாக்கில் மூன்றாவது மாடி. அந்தக் கோடையில் இரண்டு போர்வெல்லும் காற்றைக் கக்க ஆரம்பித்தன. லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து கீழ்த் தொட்டியில் கொட்டிவிட்டுப் போகும். மோட்டார் போட்டால் முதல் மாடிக்காரன் குளிப்பான், இரண்டாவது மாடிக்காரன் முகம் கழுவுவான், எங்கள் குழாய் இருமும். அவ்வளவுதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறவேண்டியதுதான்.

என் மனைவிக்கு அதற்கு ஐந்து மாதம் முன்புதான் முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. குடம் தூக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். நான் பால் வாங்கப் போன நேரத்தில் தூக்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் விழுந்தாள். நான் திரும்பி வந்தபோது தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "கொடம் நசுங்கிப்போச்சு" என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

சங்கத்துக்கு ஒரு கமிட்டி இருந்தது. ஒன்பது பேர். ஒன்பது பேரும் படித்தவர்கள். ஒருவர் அணுசக்தி ஆராய்ச்சி, நான்கு பேர் ஐ.டி., மீதிப் பேர் பேங்க், இன்ஷூரன்ஸ் என்று. வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு முந்நூறு செய்தி போடுவார்கள். தொட்டியில் தண்ணீர் எத்தனை அடி இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். இந்த ஒன்பது பேரையும் ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஒரே ஒரு வேலை தெரிந்த ஆளிடம் சாவியைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

அதைத்தான் பொதுக்குழுவில் எழுந்து கத்தினேன். "கமிட்டியும் வேணாம், மீட்டிங்கும் வேணாம். ஒரே ஒரு ஆளு. அவரு சொல்றதுதான் சட்டம். எவனும் குறுக்கப் பேசக்கூடாது!"

கைதட்டினார்கள். நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் காலையில் செய்தித்தாளைப் படித்துவிட்டு ஜனநாயகம் பற்றிப் பேசுகிறவர்கள்தான். தண்ணீர் இல்லையென்றால் மூன்றே நாளில் என்னைப் போல ஆகிவிடுவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

யார் அந்த ஆள் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஏ பிளாக் முதல் மாடி. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். திருப்போரூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இருக்கமாட்டார். சங்க விதிப்புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். யாரும் சொல்லாமலே இரண்டு மாதமாக லாரி வந்த நேரம், தொட்டியின் அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா ஆறு மாசம்தான். எந்தத் தேதியில முடியுதுன்னு மினிட்ஸ் புத்தகத்துல இப்பவே எழுதணும். அதுக்கு அடுத்த தேர்தல்ல நான் நிக்கக்கூடாதுன்னும் எழுதணும். ரோமாபுரியில பழைய காலத்துல இப்படித்தான் வச்சிருந்தாங்க."

"இன்னா டீச்சர், தண்ணி கேட்டா ரோமாபுரிக்குப் போறீங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதை எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. முப்பது வருடத்தில் எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் மாதிரி ஒருவரையும் பார்க்கவில்லை. முதல் நாளே தண்ணீர் விடும் நேரத்தை மாற்றினார். மூன்றாவது மாடிக்கு முதலில், முதல் மாடிக்குக் கடைசியில். அவர் வீடு முதல் மாடி. முதல் மாடிக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது தன் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டினார். அது வறண்டு கிடந்தது. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தார். குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்குத் திருப்பினார். மொட்டை மாடி மழைநீரை இறக்க ஒரு உறைகிணறு தோண்டினார். ஏ பிளாக் மாடியிலிருந்து அதற்குக் குழாய் போட்டாகிவிட்டது. பி பிளாக்குக்கு மட்டும் பாக்கி. அதற்குத் தரையை உடைத்து அறுபது அடி பள்ளம் எடுக்கவேண்டும். மோட்டார் அறையை என்னிடம் ஒப்படைத்தார். "உங்க கோபத்தை எங்கயாவது கட்டிப்போடணும் சார், அந்த மோட்டார்ல கட்டிப்போடலாம்" என்றார். தினமும் காலை ஆறரைக்கு நானும் அவரும் அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்போம். அவர் எழுதிக்கொள்வார். அந்த நேரத்தில்தான் எனக்கு ரோமாபுரி கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது.

"ஊருக்கு ஆபத்து வந்தா ஒருத்தர் கையில எல்லா அதிகாரத்தையும் கொடுத்துடுவாங்க. ஆறு மாசம். அதுக்குள்ள வேலையை முடிக்கணும். முடிஞ்சா அன்னைக்கே கொடுத்துட்டுப் போயிடணும். ஒருத்தர் ஏர் உழுதுகிட்டு இருந்தாராம், கூப்பிட்டாங்களாம், வந்தாராம், பதினாறே நாள்ல சண்டையை முடிச்சிட்டு மறுபடியும் ஏர் உழப் போயிட்டாராம்."

"சும்மா கதை உடாதீங்க டீச்சர். எவனாவது நாற்காலியை உட்டுட்டுப் போவானா?"

"கதையாவும் இருக்கலாம். ஆனா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைங்களை வளர்த்தாங்க. அதை நம்பின வரைக்கும் ஊர் நின்னுச்சு."

உறைகிணற்றுக்கு மூடி வேண்டியிருந்தது. கான்கிரீட் மூடி விரிசல் விடும், கருங்கல்லே போடுவோம் என்று நான் சொன்னேன். என் பழைய வண்டியில் அவரை உட்காரவைத்து, கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கடற்கரைச் சாலை பிடித்து மாமல்லபுரம் போனோம். சிற்பப் பட்டறைகள் வரிசையில் ஒன்றில் நிறுத்தினேன். உடம்பெல்லாம் கல் மாவோடு ஒருவர் எழுந்து வந்தார். பாதி செதுக்கின நந்தி ஒன்று மூக்கில்லாமல் பின்னால் படுத்திருந்தது. இரண்டரை அடிக்கு வட்டப் பலகை, நான்கு துண்டாக, தூக்க இரும்பு வளையம் என்று அளவு சொன்னேன்.

"மேல பேரு வெட்டணுமா அண்ணாத்த?" என்றார் அவர்.

"வெட்டணும், வெட்டணும். டீச்சர் பேரைப் பெருசா வெட்டு. தலைவர்னு போடு."

"இன்னா தலைவரு? கட்சியா?"

"வேண்டாம்" என்றார் டீச்சர். "திறக்காதீர்கள், ஆழமான கிணறுன்னு மட்டும் வெட்டுங்க."

கல்காரர் என்னைப் பார்த்தார். "இந்தக் கடைக்கு எவ்ளோ பேரு வந்துகினு கீறாங்க. பேரு வேணான்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

நாஸ்தா சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நின்றோம். பேர் வெட்டியிருந்தால் என்ன? செய்யாத வேலைக்கு ஊரில் எவனெவனோ பேர் வெட்டிக்கொள்கிறான், செய்த வேலைக்கு வெட்டினால் குற்றமா? அதைக் கேட்டேன்.

"இந்தக் கரைக்கு ரோமாபுரிச் சரக்கு வந்திருக்கு சார்" என்றார். "தெற்க பாலாறு கடல்ல கலக்கற பக்கம் அவங்க மதுச் சாடி மாதிரி ஓடு எல்லாம் தோண்டி எடுத்திருக்காங்க. பெரிய ஊர். அந்த ஊருக்கு மலையிலேர்ந்து வாய்க்கால் கட்டித் தண்ணி கொண்டுவந்தாங்க. இன்னைக்கும் அந்த வளைவெல்லாம் நிக்குது. கட்டினவங்க எல்லாரும் பேரு வெட்டிக்கிட்டாங்க. ஒரு காலத்துக்கு அப்புறம் பாத்தா, கல்லுல பேரு பெருசாயிட்டே போச்சு, ஜனங்க கையில இருந்த ஓட்டு சின்னதாயிட்டே போச்சு."

எனக்கு அன்று அது புரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

மழை வந்தது. ஏ பிளாக் மாடித் தண்ணீர் மட்டும் இறங்கியே போர்வெல் பிழைத்துக்கொண்டது. எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைத் தள்ளியது. என் மனைவி குழாயடியில் நின்று பாத்திரம் கழுவினாள். நான் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா சினிமாவா காட்றாங்க?" என்றாள்.

டீச்சரைத் தெய்வம் என்றார்கள். யாரோ வாசலில் அவர் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'நீரின் தாயே' என்று. அவர் கல்லூரியிலிருந்து வந்ததும் அதை அவிழ்த்து, மோட்டார் அறைக் கூரையில் ஒழுகிய இடத்தில் படம் உள்பக்கம் இருக்கும்படி விரித்துக் கட்டச் சொன்னார். நான்தான் கட்டினேன்.

ஐந்து மாதம் முடிந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. இன்னும் ஒரு மாதத்தில் மறுபடியும் அந்த ஒன்பது பேர். பி பிளாக் குழாய் பாக்கி. அடுத்த கோடையில் என் மனைவி மறுபடியும் படியில் குடத்தோடு நிற்பாள். என்னால் தூங்க முடியவில்லை. தப்போ சரியோ, ஒரு காரியம் செய்தேன். அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் சங்கத் தீர்மானம் எப்படி நிறைவேறும் என்று தெரியுமா? கூட்டமே நடக்காது. மினிட்ஸ் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் காலியாக விட்டு, அதற்குக் கீழே வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். புத்தகத்தை வீடு வீடாகத் தூக்கிப் போவார்கள். மேலே என்ன தீர்மானம் என்பதைச் சாவகாசமாக அப்புறம் எழுதிக்கொள்வார்கள். என் சொந்த ஊரில் கிராம சபைக்கே இப்படித்தான் நோட்டு வரும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவோம். தொழிற்சங்கத்திலும் அப்படித்தான். எங்கள் சங்கத் தலைவர் பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். ஒரு தேர்தல் நடந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த மினிட்ஸ் புத்தகத்தை நான் எடுத்தேன். டீச்சருக்குச் சொல்லவில்லை. இரண்டு நாளில் நாற்பத்தோரு கையெழுத்து. கதவைத் தட்டினேன், "டீச்சர் விஷயம்" என்றேன், போட்டார்கள். ஒருவர் கூட மேலே என்ன என்று கேட்கவில்லை. டீச்சரே தலைவராகத் தொடர்வார், மறுபடி முடிவு செய்யும் வரை தேர்தல் கிடையாது என்று எழுதுவதாக என் திட்டம். பெருமையோடு கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை கூட்டம் போடறேன் சார். எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. ஒத்துக்கொண்டார் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டத்தில் அவர் புத்தகத்தை விரித்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "நாப்பத்தோரு கையெழுத்து இருக்கு. மேல காலியா இருக்கு. எதுக்குக் கையெழுத்து போட்டீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்களேன்."

ஒருவர், "தண்ணிக்குத்தானே மேடம்?" என்றார்.

"பெயின்ட் அடிக்கறதுக்குன்னு நினைச்சேன்."

"எனக்குப் பார்க்கிங்னு சொன்னாங்க."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. இவரு வந்து நின்னாரு. போடலேன்னா இவரு கத்துவாரேன்னு போட்டேன்."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"இந்த இடத்துல, இந்தக் கட்டடம் முழுக்க எனக்கே சொந்தம்னு நான் எழுதிக்கிட்டா?" என்றார் டீச்சர். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் வீட்டு உரிமையாளர் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு கையெழுத்தாக ஒப்பிட்டார். நாற்பத்தொன்றில் உண்மையான உரிமையாளர் போட்டது பதினேழு. மற்றதெல்லாம் கணவன் போட்டது, குடக்கூலிக்கு இருப்பவர் போட்டது, ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் போட்டது. என் முறையும் வந்தது.

"இந்த வீடு உங்க வீட்டம்மா பேர்ல இருக்கு சார். கையெழுத்து யாரோடது?"

"என்னுதுதான். ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லையே சார்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு பேனாவை எடுத்து அந்தக் காலிப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அடுத்த பக்கத்தில், இன்ன தேதியில் தேர்தல், தலைவர் தன் அதிகாரத்தைப் பொதுக்குழுவிடம் திருப்பிக் கொடுக்கிறார் என்று எழுதி, வாய்விட்டுப் படித்து, தவணை முடிய நாள் இருக்கும்போதே சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் மோட்டார் அறைக்கு அவர் பின்னாலேயே போய்க் கத்தினேன். "பாதி வேலை கெடக்குது! இவனுங்க கையில குடுத்தா நாசம் பண்ணிடுவானுங்க. என் பொண்டாட்டி திரும்பக் கொடம் தூக்கணுமா? உங்களுக்கு இன்னா, முதல் மாடி!"

அந்தக் கடைசி வார்த்தை சொல்லியிருக்கக்கூடாது. முதல் மாடிக் குழாயை வறள விட்டவர் அவர். அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. ஆனாலும் நின்று பதில் சொன்னார்.

"எனக்கும் ஆசையாத்தான் சார் இருக்கு. அந்தக் குழாயை முடிச்சிட்டுப் போகணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அந்த ஆசைதான் எனக்கு பயம். ரோமாபுரியில யாரும் ஓட்டைப் பிடுங்கல. ஜனங்களாத்தான் கொடுத்தாங்க. ஆறு மாசம்னு இருந்ததைப் பத்து வருஷம்னு ஆக்கினாங்க, அப்புறம் சாகற வரைக்கும்னு ஆக்கினாங்க. எல்லாம் தீர்மானம் போட்டு, கைதட்டி. சபை அதுக்கு அப்புறமும் கூடிச்சு. பழைய பதவிப் பேரெல்லாம் அப்படியே இருந்துச்சு. தண்ணியும் முன்னைவிட நல்லா வந்துச்சு. அதான் சார் விஷயமே. தண்ணி வந்ததால ஒருத்தரும் கேக்கல. பல தலைமுறைக்கு அப்புறம் எதிரி வந்து வாய்க்காலை உடைச்சான். அதைத் திரும்பக் கட்டறது நம்ம வேலைன்னு நினைக்க அந்த ஊர்ல ஆளே இல்ல."

"இது ரோமாபுரி இல்ல. படூரு."

"நாப்பத்தெட்டு வீடு. அவங்க பண்ண தப்பை நாம ரெண்டே நாள்ல பண்ணிட்டோம்" என்றார்.

நான் படியேறி வந்துவிட்டேன். அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நாற்காலியை விட்டு இறங்கியவரை என் கண்ணால் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதைப் பார்த்துவிட்டு அவரைத் திட்டினேன். நல்ல ஆள் ஒருவன் வரமாட்டானா என்று நாடு முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம். வந்தால், எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டு நாம் குறட்டை விடலாம் என்பதுதான் ஆசை. சுதந்திரம், சமத்துவம், மக்களாட்சி என்று மேடையில் பேசுவதெல்லாம் எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது. ஓடாமலே சத்தம் போடும் மோட்டார் மாதிரி. ஓட்டவேண்டிய ஆள் நாம்தான், நாம்தான் அறையில் இல்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என் பேர்ல நீ கையெழுத்து போட்டியா?"

"எப்பவும் போடறதுதானே."

"எப்பவுமா? எத்தினி வருசமா?"

"வூடு வாங்கினதுல இருந்து."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? விழுந்தது நானா நீயா? கேட்டிருந்தா வேணான்னு சொல்லியிருப்பேன். அந்தம்மா நல்லவங்க, சரி. அவங்களுக்கு அப்புறம் அதே நாற்காலில வேற எவனாவது குந்துவானே, அவனை என்னாத்தை வச்சு நிறுத்துவே?"

முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவளிடம் இந்தக் கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டீச்சருக்குச் சரித்திரம் தெரியும். இவளுக்கு என்ன தெரியும்? என்னைத் தெரியும். அது போதும் போலிருக்கிறது.

தேர்தல் நடந்தது. கோயம்புத்தூர் பக்கத்துக்காரர் ஒருவர் தலைவரானார். நல்ல மனிதர், ஆனால் தரையை உடைப்பது என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். "ஒரு பிளாக் போதுமுங்க, மழைதான் பெஞ்சிருச்சே" என்றார். பி பிளாக் குழாய் வேலை தீர்மானத்துக்கு வந்தது. டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன், வீடு என் பேரில் இல்லை என்று அதை எண்ணவில்லை. பதின்மூன்றுக்குப் பதினாறு. தோற்றோம். எங்கள் பிளாக் ஆட்களே பாதிப் பேர் வரவில்லை. தண்ணீர்தான் வருகிறதே என்று வீட்டில் இருந்தார்கள். டீச்சர் எழுந்து நாற்காலிகளை அடுக்க உதவி செய்துவிட்டுப் போனார். ஆறு மாதம் இந்தக் கட்டடத்தையே ஆட்டி வைத்தவர், மூன்று ஓட்டில் தோற்று நாற்காலி அடுக்குகிறார். எனக்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாகப் பேசாதவன் அன்று போய், "டீச்சர், மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

"அதை விடுங்க சார். அடுத்த கூட்டம் ரெண்டாவது ஞாயிறு. ஓட்டு உள்ளவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

இரண்டாவது ஞாயிறு காலை என் மனைவி இறங்கினாள். மூன்று மாடி. விழுந்ததற்கு அப்புறம் மருத்துவரிடம் போவதைத் தவிர அவள் கீழே வந்ததில்லை. ஒரு படிக்கு ஒரு கால், பிறகு மறு கால். கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். நின்ற இடத்திலெல்லாம் கதவைத் தட்டினாள். "இன்னாம்மா, வூடு உன் பேர்லதானே? அப்புறம் எதுக்கு அவரை அனுப்புறே? வா" என்றாள். கீழே வந்து சேர்ந்தபோது எட்டுப் பெண்கள் அவள் பின்னால் இருந்தார்கள். ஒருத்தி கையில் இட்லி மாவு காயாமல் இருந்தது.

கூட்டம் ஆரம்பித்ததும் பழக்க தோஷத்தில் நான் எழுந்தேன். பழைய கோபம். "இவங்களால முடியாது. டீச்சருக்கே இன்னொரு ஆறு மாசம் குடுத்துடலாம்" என்று ஆரம்பித்தேன்.

"நீ குந்து" என்றாள் என் மனைவி. "உனக்கு இங்க ஓட்டு இல்ல."

கூரை இடிந்து விழுகிற மாதிரி கூட்டம் சிரித்தது. தலைவர் கூடத் தலையைக் குனிந்து சிரித்தார். நான் உட்கார்ந்தேன்.

அவள் உட்கார்ந்தபடியே பேசினாள். படியில் விழுந்ததைச் சொல்லவில்லை. பி பிளாக் மாடியில் மழை பெய்தால் எத்தனை நேரம் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடுகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொன்னாள். "நீங்க தலைவரு. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. அந்தத் தண்ணி ரோட்டுக்கு எதுக்கு? பள்ளம் தோண்டினா பத்து நாளு வண்டி வெளிய நிறுத்தணும். நிறுத்துங்களேன். இன்னா பேஜாரு அதுல?"

"அப்படிக் கேட்டா நான் என்னங்க சொல்றது" என்றார் தலைவர்.

கை எண்ணினார்கள். இருபத்தாறுக்குப் பதினைந்து. தலைவருக்கு எதிராகப் போன தீர்மானத்தைத் தலைவரே எழுதினார். எழுதி முடித்து முழுசாகப் படித்துக் காட்டினார். டீச்சர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவை இல்லாமல் போனதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பெரிய பேர் வெட்டிக்கொண்டவர்கள் யாருக்காவது இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்குமா, தெரியாது.

அப்புறமும் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. பள்ளம் தோண்டும்போது மேற்பார்வைக்கு யார் நிற்பது என்று சண்டை. நான் நிற்கிறேன் என்றேன். உரிமையாளர்தான் நிற்கவேண்டும் என்று விதிப்புத்தகத்தைக் காட்டினார்கள். என் மனைவி கையைத் தூக்கிவிட்டாள்.

மேலே ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

"பத்து நாளு காலைல நான் கீழ இருப்பேன்" என்றாள். "நீ சோறு வடிக்கக் கத்துக்கோ."